என் மெமரி போய்விட்டதாக உனக்கு வந்த தகவல் குறித்து

வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி
(கிழமையை நாட்காட்டி பார்க்காமலே எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தேன். சரியாக இருந்தது.)

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் இருவரின் சௌக்கியத்தையும் விசாரித்துவிட்டுத்தான் வழக்கமாக விஷயத்துக்கு வருவேன். இந்த வாரம் விசாரணை முழுவதும் அங்கிருந்து இங்கே நடந்துகொண்டிருப்பதால் என் பங்கை ஒத்திவைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ தொலைபேசியில் பேசியபோது, நான் எதைச் சொன்னாலும் "சரிக்கா, நீ சொன்னா சரிதான்க்கா" என்று மெத்தென்ற குரலில் பதினேழு முறை சொன்னாய். எண்ணினேன். நீ பிறந்த இந்த அறுபத்தாறு வருடங்களில் நான் சொன்னது சரி என்று நீ ஒப்புக்கொண்டது மொத்தம் இரண்டு முறை. இரண்டாவது முறை உனக்குக் காய்ச்சல். ஆகவே என்னை எந்த வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் கடிதம். தொலைபேசி என்றால் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துவிடுவாய். கடிதத்தைத் தட்டிக்கொடுக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

விவகாரம் என்னவென்று முதலில் நேராக எழுதிவிடுகிறேன். உன் அத்தான் காலமான வருடம், என் சாப்பாட்டு மேசையில், உன் முன்னிலையிலும் உன் மனைவி முன்னிலையிலும், நானே என் கையெழுத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். "என் ஞாபகம் தவறத் தொடங்கினால் நான் தனியாக இருக்கமாட்டேன்; மறுபேச்சில்லாமல் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன்." இரண்டே வாக்கியம், நடுவில் ஓர் அரைப்புள்ளி. அதை நான் மறுக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதிலிருந்து பின்வாங்கும் வழக்கம் என்னிடம் கிடையாது. அந்தத் தாளைக் காட்டித்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய் என்றும், உன் மனைவி உங்கள் புது வீட்டில் மாடி அறையை ஒழித்துவிட்டாள் என்றும், சுவருக்கு இளம்பச்சை பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது என்றும் தெரிவித்தாய். இளம்பச்சை என்பது ஆஸ்பத்திரிக்கு அடிக்கிற நிறம். அது இருக்கட்டும். இப்போது கேள்வி ஒன்றுதான்: என் மெமரி போய்விட்டதா, இல்லையா? போனது உண்மை. ஆனால் அது என்னுடையது அல்ல, கம்ப்யூட்டருடையது. அதுவும் சரியாகச் சொன்னால் போகவில்லை, கூடுதலாக வந்துவிட்டது. அனுப்பியவன் நீ.

போன மாதம் உன்னிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இந்தக் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கிறது, பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் இரண்டு தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வந்தால்தான் முகம் காட்டுகிறது என்று. குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தட்டாவது சுத்தமாகிறது. அச்சகத்திலிருந்து வருகிற மெய்ப்புகளைத் திருத்தி வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பவும், எல்லாருடைய முகவரிகளையும் ஒழுங்காகப் பதிந்து வைக்கவும்தான் அதை வைத்திருக்கிறேன். நீ நான்கு மாதம் முன்பு மாறிப்போன புது வீட்டின் முகவரியையும் நீ சொன்ன அன்றே பதிந்துவிட்டேன். பழைய வீட்டு முகவரி பின்கோடோடு மனப்பாடம், கேட்டால் இப்போதே சொல்வேன். ஆனால் நீ யாரையும் ஒரு குறையோடு நிம்மதியாக இருக்கவிடமாட்டாயே. "இன்னொரு மெமரி போட்டா பறக்கும்க்கா" என்று சொல்லி, சோப்பு உறைபோல ஒரு சின்னப் பொட்டலத்தைத் தபாலில் அனுப்பினாய். பிரித்தால் உள்ளே ஒரு பச்சைப் பட்டை. ஒரு சாண் நீளம்கூட இல்லை, ஒரு பக்கம் தங்க நிறத்தில் வரிசையாகப் பல், பல்வரிசையில் ஒரு வெட்டு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ தொலைபேசியில் சொல்லச் சொல்ல நானே பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே பழைய பட்டை ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. "சும்மா அழுத்துக்கா, க்ளிக்னு உக்காந்துடும்" என்றாய். அழுத்தினேன். க்ளிக் என்றது. பொத்தானை அமுக்கினேன். மூன்று முறை கத்தியது. பீப், பீப், பீப். அப்புறம் மௌனம். திரை கறுப்பு. அதிலிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை. "ரெண்டு நிமிஷம் விடுக்கா, புது மெமரி பழகணும்" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். பதினொரு தட்டு கழுவினேன், அதில் ஒன்பது ஏற்கெனவே சுத்தமானவை. அது பழகவில்லை.

எனவே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார், ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொள்கிறார். வேலை சுத்தம், குரல் மட்டும்தான் பிரச்சினை. பத்து கம்ப்யூட்டர்களும் நான்கு மின்விசிறிகளும் இரைகிற கடையில் நாளெல்லாம் பேசிப் பழகியதால் என் கூடத்தில் நின்றுகொண்டு அடுத்த தெருவுக்குப் பேசுகிறார். வந்ததும் இரண்டு பட்டைகளையும் உருவினார். என்னிடம் ஓர் அழிப்பான் கேட்டார். எதற்கு என்றேன். மெமரியைத் தேய்க்க என்றார். தம்பி, ஞாபகத்தை அழிப்பானால் தேய்த்தால் என்ன மிஞ்சும் என்று நான் கேட்டது நியாயமா இல்லையா, நீயே சொல். அவர் சிரிக்கவில்லை. தங்கப் பல்லில் அழுக்கு படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்ப்பதுதான் இந்தத் தொழிலில் முறையாம். என் நல்ல அழிப்பானின் ஒரு மூலை அதில் கறுத்துப்போனது. பிறகு கொக்கி ஒன்று இறுகியிருக்கிறது, நெம்ப ஏதாவது வேண்டும் என்று கேட்டு, பள்ளிக்கூட நாளிலிருந்து நான் வைத்திருக்கிற மர அடிக்கோலை வாங்கி இரண்டாக ஒடித்துக் கொடுத்தார். ஒரு துண்டு பன்னிரண்டு சென்டிமீட்டர், மற்றது பதினெட்டு. இரண்டின் முனையும் சிலாம்பு. அதனால்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமான சொற்களின் கீழ் கோடு போட வேறு ஒரு சாதனம் தேவைப்பட்டது. அது என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன், பார்த்தால் ஆச்சரியப்படுவாய்.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. எல்லாக் குழப்பமும் இங்கேதான் பிறந்தது. மெக்கானிக் உள்ளே புழுக்கம் என்று வாசல் கதவைத் திறந்து வைத்தார். என் வாசலுக்கு எதிரே மூன்று எட்டில் எதிர்வீட்டு வாசல். அந்த வீட்டு அம்மாவுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் வானொலி. காரணம் விளக்க வேண்டியதில்லை. நான் அடுக்களையில் மெக்கானிக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன், அதனால் கூடத்தில் என் சத்தமே இல்லை. அப்போது அவர் கடையில் இருக்கிற கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதே வார்த்தைகள்தான் எதிர்வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் போய் உன்னை வந்து சேர்ந்திருக்கின்றன.

"ஆமாப்பா, அந்த அம்மா வீட்டுலதான் இருக்கேன். மெமரிதான் பிரச்சினை. பழைய மெமரி நல்லாத்தான் இருக்கு, பழசுக்கு ஒண்ணும் ஆகல. புதுசுதான் நிக்கமாட்டேங்குது."

ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டார்.

"மூணு தடவை கத்துது, அப்புறம் அப்படியே அமைதியாயிடுது. பேட்டரியக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சுட்டு மறுபடி போட்டேன், அப்பவும் எழுந்திரிக்கல. வயசாயிடுச்சுப்பா. மாத்திடுங்கன்னா கேக்கமாட்டேங்கறாங்க. வேற வழியில்லன்னா தூக்கிட்டு வந்துடறேன், அங்க வெச்சுப் பாத்துக்கலாம்."

இதில் ஒரு சொல் பொய் உண்டா? கிடையாது. கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அதைக் கழற்றி மாட்டினார். எனக்குள் பேட்டரி எதுவும் இல்லை என்பது உனக்குத் தெரியும், வானொலிக்குத் தெரியாதே. நான் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது அவள் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். என் கையிலிருந்த டம்ளரைச் சூடு என்று ஜாக்கிரதையாக வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்.

"அம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? போன வருஷம் மழைக்கு என் குடையை வாங்கிட்டுப் போனவதானே. கறுப்புக் குடை. மரக்கைப்பிடி."

அவள் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பாவம். பழசு மட்டும் அப்படியே இருக்கு."

"அதான் சொல்றேன்," என்றார் அந்த மனுஷர், தலையைக் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொண்டு. "பழசு சூப்பர்."

நீ போன தடவை வந்தபோது, அவசரத்துக்கு என்று சொல்லி உன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி என் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிட்டுப் போனாயே, அதைப் பார்த்து அவள் அங்கேயே எண்களைத் தன் போனில் அமுக்கினாள். நான் தடுத்தேன். "சரிம்மா, சரிம்மா" என்றாள். அந்தக் குரலை அன்றைக்கு முதல்முறை கேட்டேன். சாயங்காலம் உன்னிடம் இரண்டாம் முறை.

இதற்குள் மெக்கானிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பட்டையைத் தனியாகப் போட்டார், கம்ப்யூட்டர் எழுந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பட்டையைத் தனியாகப் போட்டார், அப்போதும் எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டார், மூன்று கத்தல், கறுப்புத் திரை. நான் அவர் வார்த்தையை மட்டும் நம்பிவிடவில்லை. நோட்டில் கட்டம் போட்டு, எந்தப் பட்டை எந்தக் குழியில் என்று எழுதி, ஆறு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தனியாகப் போட்ட நான்கும் வெற்றி. சேர்த்துப் போட்ட இரண்டும் தோல்வி. "ஏன் இப்படி? இரண்டில் எதில் கோளாறு?" என்று கேட்டேன். அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமானது.

"ரெண்டுலயும் கோளாறு இல்லம்மா. ரெண்டும் நல்ல சரக்கு. ஒண்ணு வேகமாப் பேசும், ஒண்ணு நிதானமாப் பேசும். ரெண்டும் ஒரே நேரத்துல பேசுனா, ரெண்டையும் தாங்குற மதர்போர்டு யார் பேச்சக் கேக்கறதுன்னு தெரியாம அப்படியே நின்னுடும். தனித்தனியா இருந்தா ரெண்டுமே தங்கம்."

இதை இரண்டு முறை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன். புதுப் பட்டையை எடுத்து உன் பொட்டலத்திலேயே போட்டு மூடினோம். பழையதை இருந்த இடத்தில் மாட்டினோம். கம்ப்யூட்டர் பழையபடி இரண்டு தட்டு நேரத்தில் எழுந்தது. பிற்பகல் ஒரு மணிக்குள் விவகாரம் முடிந்துவிட்டது, தம்பி. சாயங்காலம் ஐந்தரைக்கு நீ அழைத்தபோது இந்த வீட்டில் எல்லா மெமரியும் சரியாக இருந்தது.

நீ அழைத்தாய். சௌக்கியமா என்று கேட்கவில்லை, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாய். சொன்னேன். நூற்றிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லு என்றாய். இப்படிக் கேட்கிறவன் யாரோ டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? சொன்னேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு. அந்த இடத்தில் நீ "அம்பத்தொம்பதுக்கா" என்று பரிவோடு திருத்தினாய். தாளில் எழுதிப் பார். நான் இரண்டு வரை போய் நிறுத்தினேன், அதற்குக் கீழேயும் போகத் தெரியும், உனக்குத் தெரியுமா என்ற சந்தேகத்தில் நிறுத்தினேன். அதற்கும் "சரிக்கா" என்றாய். கம்ப்யூட்டர் மெமரி என்று எடுத்துச் சொன்னேன். "ஆமாக்கா, கம்ப்யூட்டர்தான்க்கா, யாரு இல்லைன்னா" என்றாய். உள்ளே யாரோ "எதிர்த்துப் பேசாதீங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. உன் மனைவி. அவள் குரல் எனக்கு மறக்குமா?

நேற்று புதன்கிழமை. காலையில் தபால்பெட்டி வரை போய்த் திரும்பியபோது வாசல் காவலாளி எழுந்து நின்று, மூணாவது மாடிம்மா, பச்சைக் கதவும்மா என்று வழி சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் படிதான் ஏறுகிறேன். நான் போட்ட பெயிண்ட்தான் அந்தப் பச்சை. மேலே வந்தால், பச்சைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "இது உங்கள் விடு." ஒரு நிமிடம் நின்றுவிட்டேன், தம்பி. எதை விடச் சொல்கிறார்கள் என்று. பிறகுதான் வீடு என்பதற்குச் சுழி விட்டுப்போனது புரிந்தது. சிவப்பு மையில் சுழித்துவிட்டேன். உள்ளே போனால் வானொலி என் அடுக்களையில், அவசரத்துக்கு என்று நான் கொடுத்து வைத்த மாற்றுச் சாவியோடு. டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். உப்பு சரி. "சக்கறை", "மொளகு", "காப்பித்துள்". அடுப்பின்மேல் "அடுப்பு". ஜன்னலில் "ஜண்ணல்". மொத்தம் பதினான்கு சீட்டு, அதில் ஐந்தே சரி. கோபப்படவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சிவப்புப் பேனாவைக் கொடுத்து, ஒவ்வொன்றாக அவளையே திருத்த வைத்தேன். முடித்து எழுந்தபோது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைம்மா, எனக்குத்தான் ஏதோ ஆயிடும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். குடையைப் பற்றிக் கேட்டேன். ஞாபகம் இல்லையாம். தாள் எழுதி வாங்க வேண்டியது அவளிடம்தான்.

இப்போது எழுதக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் விவகாரம் தீர்ந்தாலும் நீ வேறு ஏதாவது சாக்கு பிடித்து வருவாய் என்பதால் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு வருடம் முன்பு எனக்குக் கண் அறுவை ஆனபோது உங்கள் பழைய வீட்டில் பதினொரு நாள் இருந்தேன். உன் மனைவி நல்லவள். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். வேளைக்குச் சொட்டு மருந்து விட்டாள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஆனால் அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து நான்கு வேலைகளை ஒரே சமயத்தில் ஆரம்பிப்பாள். நான் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவேன். நான் டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பேன், அவள் வந்து நிமிர்த்தி வைப்பாள். நான் ஜன்னலைத் திறப்பேன், அவள் சாத்துவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னால்கூடத் தேவலை. அலமாரிக் கதவை மூன்று முறை சாத்துவாள். டப், டப், டப். அதன்பின் வீடே மௌனம். நீ எங்கள் இருவருக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

மெக்கானிக் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது, தம்பி. நீதான் அந்த மதர்போர்டு.

அந்தப் பதினொரு நாளில் ஒன்பதாம் நாள் எனக்கு வந்த ஒரு கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்டாள். கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறதே, படித்துக் காட்டலாம் என்றுதான் பிரித்தாளாம். எண்ணம் நல்லது. ஆனால் கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஓரத்தில் கோடு போடாத தாளைக் கையால் தொடமாட்டார் என்பதால் கோடு சிஸ்டர் என்போம். ஒட்டிய உறை யார் பெயருக்கோ அவருக்கே சொந்தம் என்பார் அவர். ஒட்டிய பிறகு எழுதியவளுக்கே அதைப் பிரிக்க உரிமை கிடையாது. ஓர் எழுத்து விட்டுப்போனதென்று நினைவு வந்தால் உறையின் பின்புறம் எழுதலாமே தவிர உள்ளே கைவிடக்கூடாது. அறுபது வருடமாக நான் அதிலிருந்து ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. உன் மனைவியிடம் இதைச் சொன்னேன். டப், டப், டப்.

ஆகையால் நான் சொல்வது இதுதான். அவளிடமும் கோளாறு இல்லை, என்னிடமும் கோளாறு இல்லை. தனித்தனியாகப் போட்டால் இருவருமே வேலை செய்கிறோம். சேர்த்துப் போட்டால் வீடு எழுந்திருக்காது. ஆறு விதமாகச் சோதித்துப் பார்த்த முடிவு இது. நான் எழுதிக் கொடுத்த தாளில் இருப்பது "ஞாபகம்" என்ற சொல். "மெமரி" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எடுத்துப் பார். எனவே ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். வண்டிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாடி அறையின் இளம்பச்சை உன் மனைவிக்குப் பொருத்தமாக இருக்கும், அவளுக்கும் தனியாக ஓர் அறை இருந்தால் நல்லது.

நீ அனுப்பிய புதுப் பட்டையை, தவறாக நினைக்காதே, இத்துடன் உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். உன் கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டுக்கொள், பறக்கும். என் பழைய பட்டையின்மேல் என்ன எழுதியிருக்கிறது, வேகம் என்ன என்று பின்னால் நீ சாக்கு தேடாதபடி, இதை எழுதுவதற்காகவே இன்று காலை அதைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்; என் நோட்டில் ஒரு புள்ளி விடாமல் குறித்துக்கொண்டேன். உன்னுடையதில் இருக்கிற எண் அதற்கு இரண்டு மடங்கு. மேசையில் கிடந்ததை எடுத்து வைத்துப் பார்த்தால், பல் இல்லாத பக்கம் அவ்வளவு நேர். நான் முன்பு சொன்ன சாதனம் இதுதான். இந்தக் கடிதத்தில் கோடு போட்ட சொற்களின் கீழே விரலால் தடவிப் பார், எங்காவது ஒரு வளைவு இருக்கிறதா? ஒடிந்துபோன அடிக்கோலைவிட நேராக வருகிறது. இதோ, கடைசி வரிக்கும் அதையே வைத்து ஒரு கோடு போடுகிறேன்: என் பழைய மெமரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தை முடித்ததும் திரும்ப மாட்டிவிடுவேன்.

உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை வேளை தவறாமல் போடு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல், மனதாரத்தான் சொல்கிறேன். இருவரும் நீண்ட ஆயுளோடு, நல்ல கண்ணோடும் காதோடும், உங்கள் வீட்டில் நீங்களும் என் வீட்டில் நானுமாக நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அக்கா

(உறையின் பின்புறம்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டதால் இங்கே எழுதுகிறேன். இடம் குறைவு, எழுத்து சிறியதாக இருக்கும்.

மணி பன்னிரண்டரை. முன்புறம் உன் முகவரியை எழுத உட்கார்ந்தேன். பழைய வீட்டு முகவரி கடகடவென்று வந்தது. புது வீட்டினது கதவு எண் பதினாலா, நாற்பத்தொன்றா என்று ஒரு சின்ன ஐயம். தெருப் பெயரிலும். மறதி அல்ல; பதிந்து வைத்ததை மனப்பாடம் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை. கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். பீப், பீப், பீப்.

மூடியைத் திறந்தேன். இரண்டு குழியும் காலி. மேசை, மேசைக்குக் கீழே, நோட்டுக்குள், பூதக்கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். பிறகு உறையை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஒரு பட்டை தட்டுப்பட வேண்டும். இரண்டு தட்டுப்படுகின்றன. கடைசிக் கோட்டைப் போட்டு, பட்டையை எடுக்காமல் தாளை அப்படியே மடித்திருக்கிறேன்.

பிரிக்க முடியாது. உன் பெயருக்கு ஒட்டியாகிவிட்டது, காரணத்தை நாலு பக்கம் முன்னால் எழுதியிருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு முகவரி கேட்கலாம். "தம்பி, உன் வீடு எங்கே இருக்கிறது" என்று நான் போனில் கேட்டால் நீ ஞாயிறு வரை பொறுப்பாயா? வானொலியைக் கேட்டால் உறைக்கும் ஒரு சீட்டு ஒட்டுவாள். நாளை வெள்ளிக்கிழமை, அச்சகத்துக்கு மெய்ப்பு போயாக வேண்டும். மெய்ப்பு கம்ப்யூட்டருக்குள், கம்ப்யூட்டரின் மெமரி உனக்கு எழுதிய கடிதத்துக்குள்.

எனவே நீ ஞாயிற்றுக்கிழமை வா. முடிந்தால் அதற்கு முன்பே வா. வந்து உன் கையால் உறையைப் பிரித்து, நீ வர வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இரண்டில் பழையதை எனக்குக் கொடு. வண்டி வேண்டாம். உன் மனைவி வருவதானால் வரட்டும், டம்ளரை அவள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளட்டும், ஒரு நாள்தானே.

வரும்போது உன் புது முகவரியை ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதிக் கொண்டு வா. முகவரி எழுதாத உறையை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.